முத்தழகு சொல்ல வேண்டிய பெயர்

மாரிச்செல்வியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பஸ் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். ஒரு மாசி மாதம், மிளகாய் மூட்டையோடு நின்றவளை ஏற்றாமல் ராமநாதபுரம் பஸ் போய்விட்டது. நெடி தாங்காது என்று கண்டக்டர் கத்திவிட்டுப் போனாராம். மறுநாள் அதே இடத்தில் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். பஸ் நின்றது. அவள் ஏறவில்லை. "போங்க" என்றாள். அடுத்த நாளும் அப்படியே. அந்த மாதம் முழுக்கத் தினமும் பஸ்ஸை நிறுத்தி, ஏறாமல் அனுப்பினாள். கடைசியில் கண்டக்டரே இறங்கி வந்து, "தாயி, மூட்டை எங்கன இருக்கு, நானே தூக்கி வைக்கிறேன்" என்றார்.

"மூட்டை அன்னைக்கே டிராக்டர்ல போயிருச்சு. நீங்க கெளம்புங்க."

அவள் என் பெரியம்மா மகள். உத்தரகோசமங்கைக்குத் தெற்கே, கண்மாயை ஒட்டிய ஊர் எங்களுடையது. நான் வெளியூர், வெளிநாடு என்று சுற்றிவிட்டு, எங்கும் நிலைக்காமல் திரும்பி வந்திருந்த தை மாதத்தில்தான் அவள் புருஷன் முத்தழகின் மண்டை உடைந்தது. வேறு வேலை இல்லாததால் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனேன். அதனால் இதில் பாதியை நானே பார்த்தேன். மீதியை அக்கா சொன்னாள். அவள் சொன்னதில் கோபம் இருக்கும், பொய் இருக்காது.

முத்தழகுக்கு ஒரே அண்ணன், காளிதாஸ். அப்பா சின்ன வயதிலேயே இறந்துபோனதால் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். பாகம் பிரித்தபோது மடைக்குப் பக்கத்து வயல் அண்ணனுக்கு, கீழ் வயல் தம்பிக்கு. கண்மாயில் தண்ணீர் நிறைந்து கிடக்கும் வருடங்களில் இதில் ஒன்றும் இல்லை. இந்த வருடம் மழை பொய்த்தது. நெல் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாயில் சேறும் கொஞ்சம் தண்ணீரும்தான் கிடந்தன. ஊரில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். தம்பி முறை வந்த காலையிலும் அண்ணன் வாய்க்காலை அடைக்காமல் தன் வயலுக்கே பாய்ச்சிக்கொண்டிருந்தார். முத்தழகு மண்வெட்டியோடு போனான்.

கொஞ்ச நேரத்தில் காளிதாஸ் கத்திய கத்தலில் ஊரே ஓடியது. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குள் உட்கார்ந்திருந்தார். "வரப்புல வழுக்கி மடைக்கல்லுல விழுந்துட்டான்யா" என்று அழுதார். ஆம்புலன்ஸில் அவரும் ஏறினார். வழியில் நினைவு தப்புவதற்கு முன்னால் முத்தழகு இரண்டு முறை "அண்ணே, அண்ணே" என்றான். அண்ணனைத் துணைக்குக் கூப்பிடுகிறான் என்று கூட இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

மாரிச்செல்விக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

"விழுந்தவனுக்கு உச்சியில எப்படிடி அடிபடும்? தலைகீழாவா விழுந்தாரு?" என்றாள் என்னிடம். அடுத்த வாரம் துணி எடுக்க ஊருக்குப் போனவள் இன்னொன்றையும் பார்த்துவிட்டு வந்தாள். காளிதாஸ் வீட்டு மண்வெட்டியில் புதுக் காம்பு. மரத்தின் பச்சை நிறம்கூட மாறவில்லை. நெல்லுக்குத் தண்ணீர் இல்லாமல் ஊரே அலைகிற நாளில் எவன் உட்கார்ந்து காம்பு செதுக்குவான்?

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அண்ணன் கொடுத்த வாக்குமூலத்தில் 'தவறி விழுந்து' என்று ஏற்கெனவே இருந்தது. எழுத்தர் நல்ல மனிதர்தான். "காம்பை வச்சுக் கேசு போட முடியாதும்மா. அடிபட்டவரு எந்திரிச்சு ஒரு பேரைச் சொல்லட்டும். மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். முத்தழகு பிழைக்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து, உறைந்த ரத்தத்தை எடுத்து, எலும்பைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். அரைகுறையாகக் கண் திறந்தான். பேச்சு வரவில்லை. வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுங்கள், மெல்லத் தேறுவார் என்று அனுப்பிவிட்டார்கள். தையல் காயும்வரை தலையில் தண்ணீர் படக் கூடாது என்றும் சொன்னார்கள்.

நோயிலிருந்து எழுந்தவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மை இறங்கினாலும் சரி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாலும் சரி, தலைக்கு ஊற்றினால்தான் நோய் வாசலைத் தாண்டும். ஊற்ற வேண்டியவர் அப்பா. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன். வந்த வாரமே காளிதாஸ் ராமேஸ்வரம் போய், கேனில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது.

"ஆஸ்பத்திரில தண்ணி படக்கூடாதுன்னாக" என்றாள் அக்கா.

"தீர்த்தம்டி இது. கொழாத் தண்ணியா?" என்றாள் காளிதாஸின் மனைவி ராக்கு. "அண்ணன் ஊத்த வேணாம்னு சொல்றியா? என்னத்துக்காம்?"

கூட்டம் அக்காவின் முகத்தைப் பார்த்தது. ஏன் என்று சொன்னால் அன்றைக்கே பகை வெளியே வந்துவிடும். புருஷனுக்குப் பேச்சு வருவதற்குள் காளிதாஸ் ஊரைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்வார். அவள் வாயை மூடிக்கொண்டாள். காளிதாஸ் அழுதுகொண்டே கட்டின் மேலேயே ஊற்றினார். தண்ணீர் தம்பியின் மூக்கில் இறங்கியது. எல்லோரும் "நல்லாயிரும், நல்லாயிரும்" என்றார்கள்.

சில நாளில் காய்ச்சல் கண்டது. கழுத்து விறைத்தது. தையலிலிருந்து நீர் கசிந்தது. அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது வலிப்பு வந்துவிட்டது.

அங்கேதான் டாக்டர் சூஃபியா வந்தார். கீழக்கரைக்காரர். தொற்றுநோய்களுக்கென்றே படித்தவர். டெல்லிப் பக்கம் இருந்துவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனதால் இங்கே வந்து சேர்ந்திருந்தார். வயதில் அக்காவைவிடச் சின்னவர். முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீர் கழனித்தண்ணி போல இருந்தது. அதைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வந்த அன்று எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மூளைக்குள்ள நீர் ஓடுற சின்னச் சின்ன அறைங்க இருக்கு. அங்க கிருமி போயிருச்சு. சாதாரணக் கிருமி இல்லை. பெரிய மருந்துன்னு நாங்க வச்சிருக்கிறது எதுக்கும் சாகாது."

"பேரு இருக்கா?"

"அசினெட்டோபாக்டர்."

"இவ்வளவு நீளப் பேரு வேணாம்" என்றாள் அக்கா. "காளிதாசுன்னு வச்சுக்கிறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, இந்தக் காளிதாஸைக் கொல்ல ஒரே ஒரு பழைய மருந்து இருக்கு. கொலிஸ்டின். ஆனா நரம்புல போட்டா மூளைக்குள்ள போதுமான அளவு போய்ச் சேராது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, அது விடாது. அதனால மண்டையில சின்ன ஓட்டை போட்டு, குழாய் வச்சு, நேரா அந்த அறைக்குள்ளயே மருந்தை விடணும். ரொம்பப் பேருக்குச் செய்யுறதில்லை. மருந்து கிட்னியையும் கெடுக்கும். பொழைப்பாருன்னு வாக்குக் குடுக்க முடியாது."

"பேச்சு வருமா?"

"மொதல்ல உயிரு, அக்கா."

"உசிரு இருந்து பேச்சு இல்லைன்னா எனக்கு என்னத்துக்கு?" என்றாள். பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. "போடுங்க ஓட்டைய."

முதலில் திருப்பி வைத்திருந்த எலும்பிலும் சீழ் பிடித்திருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். தலையின் வலப்பக்கம் எலும்பில்லாமல் தோல் மட்டும் மூடிக் கிடந்தது. இன்னொரு பக்கம் மெல்லிய குழாய். தினமும் சூஃபியாவே வந்து நின்று மருந்தைக் குழாய்க்குள் விடுவார். கொஞ்ச நேரம் குழாயை மூடி வைப்பார், மருந்து உள்ளே தங்க வேண்டும் என்று. பிறகு திறந்தால் உள்ளிருக்கும் நீர் பைக்குள் சொட்டும். அந்தப் பையைத்தான் அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷனின் முகத்தை அவ்வளவு பார்த்ததில்லை.

"இன்னைக்குக் காளிதாசு எப்படி இருக்கான்?" என்று கேட்பாள். "கொஞ்சம் தெணறுறான்" என்பார் சூஃபியா. முதலில் அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் அக்கா அவரிடம் தலைக்கு ஊற்றிய கதையைச் சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்திருந்தது. மண்டையை உடைத்ததும் அவன், கிருமியை ஊற்றியதும் அவன், இரண்டு குற்றத்தையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிடலாம் என்று.

சூஃபியா யோசித்துவிட்டுச் சொன்னார். "தண்ணி ஊத்துனது தப்புதான். தையல் ஊறி விட்டுருச்சு. ஆனா இந்தக் கிருமி தீர்த்தத்துல வந்திருக்காது, அக்கா. இவ்வளவு மருந்துக்கும் சாகாத கிருமி எங்க மாதிரி இடத்துலதான் வளரும். வெண்டிலேட்டர், குழாய், எங்க கை. மொத ஆபரேஷன்போதே ஒட்டியிருக்கும்."

"அப்ப அவனுக்கு இதுல பங்கு இல்லைங்கிறீகளா?"

"இதுல இல்லை."

"ஒங்க ஆஸ்பத்திரிதான்?"

"ஆமா. எங்க வார்டுதான்."

எந்த டாக்டரும் சொல்லத் தயங்குகிற வார்த்தை அது. வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த நேர்மைக்காகக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். அப்புறம் சூஃபியாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கையில் கிடைத்த ஒரு குற்றத்தை அந்தப் பெண் பிடுங்கிக்கொண்டாள் என்ற ஆத்திரம். கிருமியின் பெயரை மட்டும் மாற்றவில்லை.

ஆனால் பழியை எங்கே தீர்ப்பது என்பதற்கு அவளுக்குப் புது இடம் கிடைத்துவிட்டது. கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். யார் வந்தாலும் ஒரே கேள்வி.

"கை கழுவுனீகளா?"

நர்ஸ், துடைக்கிற அம்மா, எக்ஸ்ரே எடுக்கிறவர், யாரையும் விடவில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரியும். அந்தக் கண் போதும். ஒரு பயிற்சி டாக்டர் கழுவினேன் என்று சொல்லிவிட்டு வந்தார். "ஈரத்தைக் காட்டுங்க" என்றாள். வாரம் ஒருமுறை மதுரையிலிருந்து காரில் வருகிற பெரிய சர்ஜன் நேராகக் கட்டிலுக்கு வந்து தலைக்கட்டில் கை வைக்கப் போனார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"யாரும்மா நீ? கையை விடு!"

"கொழா அங்கன இருக்கு."

"இவங்களை வெளிய அனுப்புங்க" என்றார் அவர் பின்னால் நின்றவர்களிடம். யாரும் அசையவில்லை. சூஃபியா அவர்களுக்குப் பின்னால் இருந்தார். குழாயடிக்குப் போய்த் தன் கையைக் கழுவத் தொடங்கினார். முழங்கை வரைக்கும், சாவகாசமாக. சர்ஜன் முணுமுணுத்துக்கொண்டே போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். அன்று சாயங்காலம் அக்கா சூஃபியாவுக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன்.

காளிதாஸ் ஒருமுறை வந்தார். பையில் ஆரஞ்சு. தாடி வளர்ந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு, பார்க்கவே பாவமாக இருந்தார். அக்கா வராண்டாவிலேயே மறித்தாள்.

"தம்பியப் பாக்கணும் தாயி. ஒரு தடவ."

"பாக்க வந்தீகளா, பேச்சு வந்துருச்சான்னு தெரிஞ்சுக்க வந்தீகளா?"

"என்ன தாயி இப்படிச் சொல்ற? நான் வளத்த பிள்ள."

"வளத்த கடனுக்குத்தான் மண்டையப் பொளந்தீகளோ?"

அதுவரை அவரை 'மச்சான்' என்று கூப்பிட்டவள் அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. ஆரஞ்சுப் பையை அவர் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைத் துடைக்கிற அம்மாவிடம் கொடுத்து, "தின்னுராதீக, ஆட்டுக்குப் போடுங்க" என்றாள்.

அவள் வாயால் சொன்னது ஊருக்குப் போய்விட்டது. இனி மூடி வைக்க முடியாது. ராக்கு தலையிலடித்துக்கொண்டு ஊர்க்கூட்டத்தைக் கூட்டினாள். ஊர்த் தலைவர் மூக்கையா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். காளிதாஸ் நடுவில் நின்று, "நான் சூடம் அணைக்கிறேன்யா. கருப்பன் மேல சத்தியமா நான் அடிக்கலை" என்றார்.

கருப்பசாமி கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் ஊரில் வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. போலீஸ் வந்தாலும் ஊர் வாய் திறக்காது. அதில் ஒரு முறை உண்டு. சாமியைப் பார்த்துச் சத்தியம் செய்ய முடியாது. சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் பாதிக்கப்பட்ட ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் உள்ளங்கையில் எரிகிற சூடத்தை அணைக்க வேண்டும். அந்த ஆள் செத்துப் போயிருந்தால் மட்டும் சாமியைப் பார்த்துச் செய்யலாம்.

"தம்பி எந்திரிச்சு வரட்டும். அவன் மூஞ்சியப் பாத்து அணை" என்றார் மூக்கையா. "ஒருவேளை அவன் எந்திரிக்கலைன்னா..."

"எந்திரிப்பாரு" என்றாள் அக்கா.

திரும்பும்போது என் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து சொன்னாள். "செத்தா அந்த ஆளு சாமியப் பாத்து அணைச்சிருவான்டி. கல்லுதானே, என்ன செய்யும்? இவரு மூஞ்சியப் பாத்து அணைக்கணும். இவரு அந்த நேரம் பாத்து 'நீதான்'னு சொல்லணும்."

பையில் சொட்டிய நீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. காய்ச்சல் விட்டது. நடுவில் கிட்னி கெட ஆரம்பித்து, மருந்தைக் குறைத்து, எங்களைப் பயமுறுத்தினார்கள். சோதனைக்கு அனுப்பிய நீரில் கிருமி இல்லை என்று ஒருமுறை வந்தது. மறுபடியும் அனுப்பினார்கள். மறுபடியும் இல்லை. அன்று சூஃபியா வார்டு வாசலிலிருந்தே சொன்னார்.

"அக்கா, காளிதாஸ் செத்துட்டான்!"

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி நெஞ்சில் கை வைத்து, "யாருப்பா அது? சின்ன வயசா?" என்றாள். சூஃபியா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "ஒருத்தன் முடிஞ்சான்" என்றாள்.

குழாயை எடுத்த பிறகு முத்தழகுக்குப் பேச்சு வந்தது. முதலில் தண்ணீர் கேட்டான். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "மடையத் தொறந்துட்டாகளா?" என்றான்.

அக்கா அவன் வாய்க்குப் பக்கத்தில் குனிந்தாள். அத்தனை நாள் காத்திருந்த கேள்வி.

"ஒங்கள யாரு அடிச்சா?"

"யாரு அடிச்சா?"

"யோசிச்சுச் சொல்லுங்க. மடைக்குப் போனீகள்ல? அங்கன யாரு இருந்தா?"

"எங்க போனேன்? நாளைக்குத்தானே நம்ம முறை?" அவன் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தான். "அண்ணன் எங்க? வரலையா? வெளிய நின்னா உள்ள வரச் சொல்லு."

அவள் வராண்டாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். கையை மடக்கிச் சுவரில் குத்தினாள். சூஃபியா ஓடி வந்தார்.

"அந்த நாளைத் திருப்பிக் கொண்டார மருந்து இருக்கா, டாக்டரம்மா? அதையும் ஓட்டை போட்டு விடுங்க."

"இல்லைக்கா. மண்டையில அடிபடும்போது அந்த நேரத்தை மூளை பிடிச்சு வைக்கிறதே இல்லை. மறந்திருந்தா ஞாபகம் வரும். இது பதியவே இல்லை."

"அப்ப ரெண்டு மாசமா எதுக்கு...?" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். நல்லவேளை, முடிக்கவில்லை. சூஃபியாவின் கண் நிறைந்துவிட்டது. அவர் காப்பாற்றிய உயிர் அது.

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வரும்போதே முடிவு செய்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

"இவருக்கு ஞாபகம் இல்லைங்கிறது நம்ம மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள். "டாக்டரம்மா, நோயாளி ரகசியத்தை வெளிய சொல்ல மாட்டீகள்ல? ஏ புள்ள, நீ வாயத் தொறந்தன்னு வையி, வாயில மிளகாயை அரைச்சு அப்பிருவேன்."

"அத்தான்கிட்டயாவது சொல்லுக்கா. அவரு அண்ணன்தான் அடிச்சாருன்னு" என்றேன்.

"சொன்னா நம்ப மாட்டாரு. 'எங்கண்ணனா?'ன்னு என்னையத்தான் மொறைப்பாரு."

சித்திரையில் வீட்டுக்கு வந்தார்கள். எலும்புக்குப் பதிலாகத் தகடு வைக்க இன்னும் சில மாதம் ஆகும், அதுவரை தலை பத்திரம் என்றார் சூஃபியா. சத்தியத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நாள் குறித்தார்கள். கிருமி தொத்தும் என்று சொல்லி யாரையும் முத்தழகிடம் நெருங்க விடாமல் பார்த்துக்கொண்டாள் அக்கா. அவனிடம் அவள் சொன்னது இவ்வளவுதான். "ஒங்க அண்ணனைப் பத்தி எவனோ என்னமோ சொல்லிட்டான். அவரு சூடம் அணைக்கப் போறாரு. நீங்க முன்னாடி உக்காந்தா போதும். வாயத் தொறக்கக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்காக. தலைக்கு ஆகாது."

"அண்ணன் என்ன செஞ்சாரு?"

"அங்கன வந்து பாருங்க."

கோயிலுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அவனை உட்காரவைத்தாள். தலையில் சுற்றியிருந்த துண்டை எடுத்து மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். வெயிலில் அந்தப் பள்ளம் தெரிந்தது. உள்ளங்கை அகலம், உள்ளே ஏதோ துடிப்பது தெரிந்தது. கூட்டமே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. ராக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காளிதாஸ் குளித்து, ஈர வேட்டியோடு சாமிக்கு முதுகைக் காட்டி நின்றார். வெற்றிலையில் சூடத்தை வைத்து மூக்கையா பற்றவைத்து, அவர் கையில் கொடுத்தார். "தம்பி மூஞ்சியப் பாரு. பாத்துச் சொல்லி அணை."

காளிதாஸ் நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணனைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது முத்தழகுக்கு. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் சிரித்தான். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ள, வாய் கோணிக்கொள்ள, அவ்வளவு ஆசையோடு சிரித்தான்.

காளிதாஸின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வெற்றிலை கருகியது. சூடம் கையைச் சுட்டது. அவர் மூடவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"அணைப்பா" என்றார் மூக்கையா.

"ஏலே, ஏன்டா சிரிக்கிற?" என்றார் காளிதாஸ். "சிரிக்காதடா. சொல்லித் தொலைடா. 'நீதான்'னு சொல்லு. என்னத்துக்குடா சிரிக்கிற?"

முத்தழகு அக்காவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், பேசாதே என்று.

"நான்தான்யா" என்றார் காளிதாஸ். எரிகிற கையை அப்படியே நீட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "மம்பட்டிக் காம்பால நான்தான் அடிச்சேன். விழலை அவன். நான் அடிச்சேன். மடைக்கல்லுன்னு சொன்னதெல்லாம் பொய்யி."

யாரோ ஓடி வந்து அவர் கையைத் தட்டிவிட்டார்கள். அந்தச் சந்தடிக்கு நடுவில், பேசக் கூடாது என்ற கட்டளையை மறந்து, முத்தழகு கேட்டான்.

"நீங்களாண்ணே? எதுக்குண்ணே?"

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. மூக்கையா மெதுவாகத் திரும்பினார். "ஏத்தா மாரி, அவனுக்குத் தெரியாதா?"

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல" என்றாள் அக்கா. "கேட்டுக்கிட்டீகளா எல்லாரும்? போலீசுக்கு முன்னால இதையே சொல்லணும்." துண்டை இடுப்பிலிருந்து எடுத்துப் புருஷன் தலையில் சுற்றினாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். மறுபடியும் சுற்றினாள்.

போலீஸ் வந்தது. காளிதாஸ் எதையும் மறைக்கவில்லை. கையில் கட்டோடு வேனில் ஏறினார். ராக்கு எங்கள் வாசலில் மண்ணை அள்ளித் தூற்றிவிட்டுப் போனாள். "தூத்து, நல்லாத் தூத்து. நாளைக்குக் கூட்டுறவ நான்தானே" என்று அக்கா விளக்குமாற்றோடு நின்று பார்த்தாள்.

முத்தழகு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பாள். சாப்பிடுவான். மருந்து கொடுப்பாள். விழுங்குவான். பேச்சு மட்டும் இல்லை. அத்தனை பாடுபட்டு வரவழைத்த பேச்சு. எனக்குத்தான் தாங்க முடியவில்லை. அவள், "பேசாட்டி என்ன, இருக்காருல்ல" என்று மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் அவனாகவே வந்து களத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். "எங்கன நின்னு அடிச்சாரு?"

"எனக்கு என்ன தெரியும்? நான் பாத்தேனா?"

"எனக்குந்தான் தெரியலை. என் தலை, எனக்கே தெரியலை. அவருகிட்டத்தான் கேக்கணும்."

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பார்வையாளர்களை விடுகிற அடுத்த நாளில் அவளே ராமநாதபுரத்துச் சிறைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். அவள் உள்ளே வரவில்லை. சாலைக்கு எதிர்ப்புற டீக்கடையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். முத்தழகு நெடுநேரம் கழித்து வந்தான். துண்டு நனைந்திருந்தது.

"பின்னாடி நின்னு அடிச்சாராம்" என்றான், பெஞ்சில் உட்கார்ந்ததும். "நான் குனிஞ்சு வாய்க்காலை வெட்டிக்கிட்டு இருந்தேனாம். மூஞ்சியப் பாத்திருந்தா கை வந்திருக்காதுங்கிறாரு. அவரு கையில சூடம் சுட்ட கொப்புளம் இன்னும் ஆறலை." துண்டால் முகத்தைத் துடைத்தான். "விட்டுரு மாரி. கோர்ட்ல நான் என்னத்தச் சொல்லப் போறேன்? எனக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையே."

"நீங்க சொல்ல வேணாம். கேட்டவுக ஊரு பூரா இருக்காக."

"என் அண்ணன்டி."

"நீங்க விடுங்க. யாரு வேணாம்னா? வாராவாரம் வந்து பாருங்க, நானே கூட்டியாரேன். நான் விடுறதா இல்ல."

அவனுக்கு இடக்கை இன்னும் சரியாகப் பிடிக்காது. டீ வந்ததும் அவள் டம்ளரை வாங்கி, இரண்டு முறை ஆற்றி, பாதியாகக் குறைத்து, பழகட்டும் என்று அந்தக் கையிலேயே வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். அவன் குடித்து முடிக்கும்வரை சாலைக்கு அந்தப் பக்கமிருந்த சிறைவாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.